இரண்டு நெல் மூட்டைகள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன? ஈர்ப்பு விசையைக் கணக்கிட்டுப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்திலேயே பொது ஈர்ப்பியல் விதி வந்துவிடுகிறது. எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்கும், அந்த விசை இரண்டு நிறைகளின் பெருக்கலுக்கு ஏற்பக் கூடும், நடுவே உள்ள தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதுதான் அந்த விதி. மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். "சரி தம்பி, வாசல்ல நிக்கிற இந்த ரெண்டு மூட்டையும் ஒன்னையொன்னு எவ்வளவு இழுக்குது?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பெருக்கல் வகுத்தல் எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே வரும். எங்கிருந்து எங்கே அளப்பது, வந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இந்த இரண்டும்தான் தெரியாது.

அறுவடை முடிந்து மூட்டை வாசலுக்கு வரும் நாள்களில் இந்தக் கணக்கைப் பல தடவை செய்ய வைத்திருக்கிறேன். யார் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது இப்போது ஓரளவு பிடிபட்டுவிட்டது. கீழே இருப்பது அந்த வரிசை. படிகளை மாற்றிப் போடாதீர்கள், குறிப்பாக 5ஐயும் 6ஐயும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு பொருள்கள். தராசு. டேப். ஒரு சாக்பீஸ். அறிவியல் கால்குலேட்டர் (மொபைலைப் படுக்கையாகத் திருப்பினால் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும்). அப்புறம் ஒரு கைப்பிடி நெல். நெல் எதற்கு என்பது 6-ஆம் படியில் தெரியும்.

10⁻¹¹ போன்ற அடுக்குகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 10⁻² என்றால் நூறில் ஒரு பங்கு, 10⁻³ என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது தடுமாறினால் முதலில் அதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். இந்தக் கணக்கில் உயிர் முழுக்க அடுக்கில்தான் இருக்கிறது.

1. அளப்பதற்கு முன் ஊகித்து எழுதுங்கள்

இரண்டு மூட்டையையும் பார்த்து, ஒன்று மற்றொன்றை எவ்வளவு இழுக்கும் என்று தோன்றுவதைத் தாளில் எழுதி வையுங்கள். ஒரு கிராம் எடை அளவு என்பார்கள் சிலர், சுத்தமாக இல்லை என்பார்கள் சிலர். எதுவானாலும் எழுத வேண்டும்.

காரணம் இதுதான். ஊகிக்காமல் கணக்குப் போட்டவர்களுக்கு விடை வெறும் எண்ணாக நின்றுவிடுகிறது. எழுதி வைத்தவர்கள் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், அப்போதுதான் கேள்வி கேட்கவே தொடங்குகிறார்கள்.

2. நிறையைக் கிலோவில் எடுங்கள்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் மூட்டையில் நெல் 40 கிலோ. நம் கணக்குக்கு இரண்டு மூட்டையும் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாக்கு தனியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதுவும் இழுக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு சாக்கையும் சேர்த்தால்கூட விடை 3 சதவீதம்தான் கூடும். விட்டுவிடலாம்.

இங்கே நடக்கும் பிழை கிராமில் எழுதுவது. தேங்காய், மாம்பழம் போன்ற சின்னப் பொருள்களுக்கு வரும்போது 500 என்று அப்படியே போட்டுவிடுகிறார்கள். ஒரு நிறை ஆயிரம் மடங்கு தப்பும். இரண்டும் தப்பினால் விடை பத்து லட்சம் மடங்கு பெரிதாகிவிடும்.

3. நடுவிலிருந்து நடுவுக்கு அளங்கள்

அதிகம் பேர் விழும் இடம் இது. போன சம்பா அறுவடையின்போது ஒரு பாப்பா டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஒரு மூட்டையின் விளிம்புக்கும் மற்றதன் விளிம்புக்கும் நடுவே இருந்த சந்தை அளந்து "10 சென்டிமீட்டர்" என்று எழுதினாள். அவளைத் திருத்தாமல், இரண்டு மூட்டையையும் ஒட்டி வைக்கச் சொன்னேன். "இப்ப தொலைவு எவ்வளவு?" "பூஜ்யம் சார்." "பூஜ்யத்தால வகுத்தா?" கொஞ்ச நேரம் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு மூட்டையின் வாய்ப் பக்கத்திலும் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்.

சந்தில் எதுவும் இல்லை. இழுப்பது மூட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு நெல்மணியும். இந்தப் பக்கத்து நெல் கொஞ்சம் அருகில் இருக்கிறது, அந்தப் பக்கத்து நெல் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய நடுவில் குவிந்திருப்பதுபோல நடந்துகொள்கின்றன. சீரான உருண்டைக்கு இது துல்லியமாகவே பொருந்தும். மூட்டைக்கு ஏறக்குறையப் பொருந்தும், நமக்கு அது போதும்.

மூட்டை 40 செ.மீ. அகலம், சந்து 10 செ.மீ. எனவே நடுவுக்கு நடு 50 செ.மீ. சந்தை மட்டும் எடுத்திருந்தால் விடை 25 மடங்கு தப்பியிருக்கும்.

தராசில் காட்டும் கவனத்தை டேப்பிலும் காட்டுங்கள், சொல்லப்போனால் அதைவிட அதிகமாக. ஒரு நிறையில் 4 சதவீதம் தப்பினால் விடையும் 4 சதவீதம்தான் தப்பும். தொலைவில் 4 சதவீதம், அதாவது 2 செ.மீ., தப்பினால் விடை சுமார் 8 சதவீதம் தப்பும். தொலைவு இரண்டு தடவை கணக்கில் வருவதால் அதன் பிழையும் இரண்டு தடவை வரும்.

4. மீட்டராக்கிய பிறகு வர்க்கமாக்குங்கள்

50 செ.மீ. என்பது 0.5 மீட்டர். 0.5 × 0.5 = 0.25. இந்த வரிசை முக்கியம். சென்டிமீட்டரிலேயே வர்க்கமாக்கி 2500 என்று எழுதிவிட்டு, அப்புறம் நூறால் வகுத்து 25 என்று போடுகிறவர்கள் உண்டு. 2500ஐப் பத்தாயிரத்தால் வகுக்க வேண்டும்.

வர்க்கமாக்கினால் எண் பெரிதாகத்தானே வேண்டும் என்ற சந்தேகமும் இங்கே வரும். 1-க்குக் கீழே இருக்கும் எண் வர்க்கமானால் சிறிதாகும். பாதியில் பாதி கால்தானே.

5. கணக்கைப் போடுங்கள், உடனே பூமியை வைத்துச் சோதியுங்கள்

விசை = ஈர்ப்பு மாறிலி × முதல் நிறை × இரண்டாம் நிறை ÷ (தொலைவு × தொலைவு)

ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹. நிறை கிலோவிலும் தொலைவு மீட்டரிலும் இருந்தால் விசை நியூட்டனில் வரும்.

40 × 40 = 1600
1600 ÷ 0.25 = 6400
6400 × 6.674 × 10⁻¹¹ = 4.27 × 10⁻⁷ நியூட்டன்

மாறிலியைக் கடைசியில் பெருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1600, 6400 இரண்டும் மனதிலேயே சரிபார்க்கக்கூடிய எண்கள். முதலிலேயே 10⁻¹¹ஐ உள்ளே விட்டால் நடுவில் நடக்கும் பிழை கண்ணுக்குப் படாது.

கால்குலேட்டரில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அடுக்குப் பொத்தான். அதை அழுத்தினாலே '× 10-இன் அடுக்கு' என்று பொருள். அதற்கு முன் நீங்களும் '× 10' அழுத்தினால் விடை பத்து மடங்கு கூடிவிடும். இரண்டு, அடைப்புக்குறி. 1600 ÷ 0.5 × 0.5 என்று அடித்தால் கருவி வகுத்துவிட்டு மறுபடி பெருக்கி 1600 என்றே காட்டும். 6400 வர வேண்டுமென்றால் கீழே இருப்பதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

சரி, இவ்வளவு சின்ன விடை சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? ஒரு மூட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூமியை வையுங்கள். பூமியின் நிறை 5.97 × 10²⁴ கிலோ. தொலைவு, அதே விதிப்படி நடுவிலிருந்து நடுவுக்கு: பூமியின் ஆரம் 6371 கி.மீ., அதாவது 6.371 × 10⁶ மீட்டர். மூட்டை 40 கிலோ.

விடை சுமார் 393 நியூட்டன் வரும். இதே மூட்டையின் எடையை 40 × 9.8 (9.8 என்பது பூமியின் ஈர்ப்பு முடுக்கம்) என்று நேரடியாகப் போட்டால் 392. இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் கையும் கருவியும் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் மேலே போகாதீர்கள். அடுத்த படிக்குப் பிழையைக் கொண்டுபோனால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தச் சோதனையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மூட்டை தரையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது, ஆனாலும் பூமிக்கும் அதற்கும் தொலைவு 6371 கிலோமீட்டர். 3-ஆம் படியில் சந்தேகம் மிச்சமிருந்தால் இங்கே தீர்ந்துவிடும்.

6. விடையை நெல்மணியாக மாற்றுங்கள்

0.000000427 நியூட்டன் என்று எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். கணக்கு அங்கே முடிந்துவிட்டது, புரிந்துகொள்வது இனிமேல்தான். கையில் பிடிக்க முடிகிற ஒன்றாக அந்த எண் மாற வேண்டும்.

அதற்குத்தான் நெல். பழைய நாளில் பொன் நிறுப்பவர்கள் நெல்லெடை என்றே ஓர் அளவு வைத்திருந்தார்கள். ஒரு மணியைத் தனியாக நிறுக்க வீட்டுத் தராசு உதவாது. நூறு மணியை எண்ணி, நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் வைத்து, நூறால் வகுக்க வேண்டும். சன்ன ரகமாக இருந்தால் ஒரு மணி 20 மில்லிகிராமுக்குக் கீழே வரும், மோட்டா ரகமாக இருந்தால் மேலே போகும். நாம் 20 என்று வைத்துக்கொள்வோம். அதைப் பூமி இழுக்கும் விசை 0.00002 × 9.8, அதாவது 1.96 × 10⁻⁴ நியூட்டன். இதுதான் நம் அளவுகோல்.

இப்போது வகுத்துப் பாருங்கள். மூட்டைகளின் இழுப்பு இந்த அளவுகோலில் சுமார் 460-இல் ஒரு பங்கு. ஒரே ஒரு நெல்மணியை 460 துண்டாக்கி, அதில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்தால் என்ன கனம் இருக்குமோ அவ்வளவு. 40 கிலோ மூட்டை தன் பக்கத்து மூட்டையை இழுப்பது அவ்வளவுதான்.

முதல் படியில் எழுதிய ஊகத்தை இப்போது எடுத்துப் பாருங்கள்.

பூமியை வைத்துச் சோதிப்பதற்கு முன்பே இந்த மாற்றத்தைச் செய்யச் சொன்னால் என்ன என்று முன்பு முயன்றேன். கணக்கில் பிழை இருந்தபோது அதே பிழையோடு நெல்மணிக் கதையும் மனதில் பதிந்துவிட்டது, பிறகு மாற்றுவது பெரும்பாடாகிவிட்டது. அதனால்தான் 5 முடிந்த பிறகே 6.

7. யார் யாரை இழுக்கிறார்கள் என்று கேளுங்கள்

ஒரு மூட்டை 40 கிலோ, இன்னொன்று 10 கிலோ என்றால் எது அதிகம் இழுக்கும்? கிட்டத்தட்ட எல்லோரும் 40 என்பார்கள். இரண்டும் ஒரே அளவுதான் இழுக்கும். சூத்திரத்தைப் பாருங்கள், இரண்டு நிறையும் பெருக்கலில் சேர்ந்தே வருகின்றன. எது முதல், எது இரண்டாவது என்று அதற்குத் தெரியாது. விசை ஒன்றுதான், அது இருவருக்கும் பொது.

அப்படியானால் தென்னையிலிருந்து தேங்காய் மட்டும் ஏன் விழுகிறது, பூமி ஏன் மேலே வரவில்லை? மட்டையோடு ஒன்றரைக் கிலோ தேங்காய் என்றால் பூமி அதை 14.7 நியூட்டனால் இழுக்கிறது. தேங்காயும் பூமியை அதே 14.7 நியூட்டனால்தான் இழுக்கிறது. ஆனால் அந்த விசையைப் பூமியின் நிறையால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம் 2.5 × 10⁻²⁴. பூமி அசைவது யாருக்கும் தெரியாது. விசை சமம், அசைவு சமமில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை ஈர்ப்பு புரியாது.

8. மூட்டை ஏன் நகரவில்லை என்பதற்கும் எண் போடுங்கள்

"விசை சின்னது, அதான் நகரல" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. எதோடு ஒப்பிட்டால் சின்னது என்று சொல்ல வேண்டும்.

சிமெண்டுத் தரையில் சாக்கின் உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை பங்கு விசை கொடுத்தால் நகரும் என்று சொல்லும் எண்) 0.4 என்று வைத்துக்கொண்டால், மூட்டையை நகர்த்த 0.4 × 392, சுமார் 157 நியூட்டன் வேண்டும். ஈர்ப்போ 4.27 × 10⁻⁷. தேவைப்படுவது இருப்பதைப்போல் சுமார் 37 கோடி மடங்கு. தரை அந்த இழுப்பைச் சுமக்கிறது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு உறைக்கவே உறைக்காது.

உராய்வே இல்லாத, வேறு எதுவும் அருகில் இல்லாத வெளியில் இதே இரண்டு மூட்டையையும் இதே 10 செ.மீ. இடைவெளியில் விட்டால்? ஏறக்குறைய 50 நிமிடத்தில் இரண்டும் மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். மூட்டை அதே, விசையும் அதே. தடுப்பவை மட்டும் இல்லை. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் மாறுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

9. ஈர்ப்பு மாதிரி தெரிவதையெல்லாம் ஈர்ப்பு என்று எழுதாதீர்கள்

விதி புரிந்த ஆர்வத்தில் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்குவது அடுத்த தடுமாற்றம்.

உருளித் தண்ணீரில் மிதக்கும் பூக்கள் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஆடிப்பெருக்கு அன்று படித்துறை ஓரம் தேங்கிய தண்ணீரிலும் இதழ்கள் திட்டுத்திட்டாகச் சேர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தண்ணீரின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை. இதழைச் சுற்றி நீர்ப்பரப்பு லேசாக வளைகிறது, அந்த வளைவில் பக்கத்து இதழ் சரிந்து வருகிறது. ஒரு செ.மீ. தள்ளி இருக்கும் இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள ஈர்ப்பைவிட அது கோடிக்கணக்கான மடங்கு பெரியது. தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுவது மின்னூட்டத்தால்.

ஒரு பையன் இரண்டு உரித்த தேங்காயைக் கூடத்து உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அரைமணி கழித்துப் பார்த்தால் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன என்று ஓடி வந்தான். அவன் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். அரைக்கிலோ தேங்காய் இரண்டு, நடுவுக்கு நடு 10 செ.மீ. விசை 1.67 × 10⁻⁹ நியூட்டன். 2 மீட்டர் கயிற்றில் அது தேங்காயைச் சாய்க்கும் தொலைவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் 15 லட்சத்தில் ஒரு பங்குதான், கிட்டத்தட்ட சில அணுக்களின் அகலம். சேர்த்து வைத்தது வாசல் காற்றும் கயிற்றின் முறுக்கும். அவனே கயிற்றை எடுத்துப் பார்த்து, முறுக்கு அவிழ்ந்திருந்ததைக் காட்டினான்.

10. இப்போது பெரியதற்குப் போங்கள்: தேரும் நிலாவும்

திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கும்போது உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன் என்பார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நடுவிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். டன்னைக் கிலோவாக்க மறக்காதீர்கள்: 3,00,000.

விசை 1.2 × 10⁻⁵ நியூட்டன். நெல்மணியில் சொன்னால் பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கில் அதற்கு வீசம் என்று பெயரே இருக்கிறது. அவ்வளவு பெரிய தேர் உங்களை ஒரு நெல்மணியில் வீசம் அளவுக்கு இழுக்கிறது.

இதைத் தோராயம் என்றே எழுதுங்கள். தேர் உருண்டை அல்ல, அதன் உயரத்தோடு ஒப்பிட்டால் நாம் நிற்கும் தொலைவும் குறைவு. துல்லியம் வேண்டுமென்றால் தேரைச் சக்கரம், அடித்தட்டு, மேல்தட்டு என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்த்துக் கூட்ட வேண்டும். தள்ளிப்போகப் போக இந்தத் தொல்லை குறையும். பொருளின் அளவைப்போலப் பல மடங்கு தொலைவில் நின்றால் நடுப்புள்ளிக் கணக்கே போதும்.

நிலாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. உருண்டை, தூரமும் அதிகம். நிறை 7.35 × 10²² கிலோ, சராசரித் தொலைவு 3.84 × 10⁸ மீட்டர். அதே 60 கிலோ ஆளை அது இழுப்பது 2 × 10⁻³ நியூட்டன், பத்து நெல்மணி எடை. பக்கத்தில் நிற்கும் தேரைவிட நிலா சுமார் 166 மடங்கு அதிகம் இழுக்கிறது. தொலைவின் வர்க்கம் எவ்வளவு குறைத்தும் நிறை ஈடுகட்டிவிடுகிறது.

11. தனியாகச் செய்து பார்க்க ஒன்று

1798-இல் ஆங்கிலேய விஞ்ஞானி கேவண்டிஷ் இந்தச் சின்ன இழுப்பை ஓர் அறைக்குள் அளந்து காட்டினார். பெரிய ஈய உருண்டை 158 கிலோ, சின்னது 0.73 கிலோ, நடுவுக்கு நடு சுமார் 23 செ.மீ. சின்ன உருண்டைகள் ஆறடித் தண்டின் இரு முனையிலும் இருந்தன. தண்டு மெல்லிய கம்பியில் தொங்கியது. காற்றுப் பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால் அறையை மூடிவிட்டு வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாகத்தான் பார்த்தார். கூடத்துத் தேங்காய்க்கு என்ன குறை என்று இப்போது தெரிகிறது அல்லவா?

ஒரு பெரிய உருண்டைக்கும் ஒரு சின்ன உருண்டைக்கும் நடுவே உள்ள விசையை மேலே சொன்ன வரிசையில் போட்டு, நெல்மணியாக மாற்றுங்கள். 1350-இல் ஒரு பங்குக்கு அருகில் வந்தால் சரி. 5,850-இல் ஒரு பங்குக்கு அருகில் வந்தால் மீட்டரில் எழுதினீர்களா என்று பார்ப்பதற்கு முன், வர்க்கமாக்கினீர்களா என்று பாருங்கள். 135-இல் ஒரு பங்கு வந்தால் அடுக்குப் பொத்தானுக்கு முன் '× 10' அழுத்தியிருக்கிறீர்கள்.